அடிக்காத சூடம்

என் மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று பிஸ்கட் டப்பா. இன்னொன்று தீபாவளிக்கு யாரோ கொடுத்த மைசூர்பாகு டப்பா. பிஸ்கட் டப்பாவுக்குள் அணுகுண்டு அறிவியலின் சொற்கள் இருந்தன. மைசூர்பாகு டப்பாவுக்குள் அரசியல் சூழ்ச்சியின் சொற்கள். உள்ளங்கை அளவுக்கு வெட்டிய சீட்டு ஒவ்வொன்றிலும் மேலே ஆங்கிலச் சொல், கீழே அதற்கு நான் தேடிப் பிடித்த தமிழ். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ரிட்டையர் ஆனதும் ஏலச்சீட்டு நடத்த ஆரம்பிச்சிட்டீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அணுகுண்டுக்குத் தமிழ் தேடுகிறேன் என்று சொன்னால் இன்னும் நாலு பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் இராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ்வழியில் இயற்பியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற மறு வருஷம் மதுரையில் இருக்கும் பதிப்பாளர் ஒருவர் தேடி வந்தார். அணுகுண்டு எப்படி உருவானது என்று சொல்லும் பெரிய புத்தகம் ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறார்களாம். பாதிப் புத்தகம் ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கிறது, மீதிப் பாதி அரசாங்க அறைகளின் மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடக்கிறது. மொழிபெயர்க்க வேறு ஆள் இருந்தார். கடைசியில் சேர்க்க வேண்டிய சொல்லடைவை நான் செய்து தர வேண்டும் என்றார். வீட்டில் சும்மா கிடந்த எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

அறிவியல் சொற்கள் எனக்குப் புதிதல்ல. அணுக்கருப் பிளவு, தொடர்வினை, செறிவூட்டல், அரை ஆயுட்காலம் எல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதிக் கைக்குப் பழகியவை. மாறுநிலை நிறை என்று ஒன்று உண்டு. எரிபொருள் கொஞ்சமாக இருந்தால் அதில் பிறக்கும் நியூட்ரான்கள் வெளியே ஓடிப்போய்விடும், ஒன்றும் நடக்காது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தானே நடக்கும், நிறுத்த முடியாது. அந்த அளவுக்குத்தான் மாறுநிலை நிறை என்று பெயர். வருஷா வருஷம் இதை நடத்தும்போது பின் பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காரும்.

சூழ்ச்சிச் சொற்கள்தான் எனக்குத் தண்ணி காட்டின. சதி, உளவு, துரோகம் எல்லாம் நம்மிடம் வண்டி வண்டியாக இருக்கின்றன. ஆனால் ஒரு காரியத்தைச் செய்யவைத்துவிட்டு, நாளைக்குக் கேட்டால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வசதியாகத் தள்ளி நின்றுகொள்வதற்கு என்ன சொல்வது? ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு 'மறுக்க வழிவைத்தல்' என்று எழுதினேன். பொய்யைப் பரப்பி, எதிராளி தானாகவே தப்பான முடிவெடுக்கும்படி செய்வதற்கு இன்னொரு சொல் இருந்தது. அதற்குத் 'திட்டமிட்ட பொய்ச்செய்தி' என்று எழுதி, சீட்டின் அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: 'இதில் பொய் சொல்பவர் நேரில் வருவதில்லை. ஊர் நம்பும் ஒருவரைக் கொண்டு அதை உண்மையாக்குவார்.' எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம்தான் அண்ணன் போன் செய்தார்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். எங்கள் ஊர் இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடற்கரையிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிறது. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் முண்டு மிளகாய் விதைத்தால் மாசி பங்குனியில் பழம் எடுக்கலாம். அய்யா போன பிறகு என் பங்கையும் அண்ணன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, அவருக்கும் மதினிக்கும் அந்த மண்ணை விட்டால் வேறு எதுவும் கிடையாது. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

"ஏத்தா, அணு அணுன்னு நீ பாடம் நடத்துவியே, அது மண்ணுக்குள்ள கெடக்குமா?" என்றார் எடுத்த எடுப்பில்.

நடந்ததை விவரமாகச் சொன்னார். நாலு நாளைக்கு முன் ஒரு ஜீப் வந்திருக்கிறது. தொப்பி போட்ட இரண்டு பேர் இறங்கிக் கண்மாய்க்கு மேற்கே இருக்கும் புஞ்சைகளில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து ஒயரோடு நீட்டிய ஒரு குழாயை மண்ணில் வைத்தால் டிக் டிக் என்று சத்தம் வந்ததாம். எல்லைக் கல்லில் எல்லாம் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த நாளே ஊரில் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு குரல் பேசியது. இந்த ஊர் மண்ணுக்கடியில் அணுகுண்டு செய்யும் கனிமம் இருக்கிறது, அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டி நிலத்தைப் பிடுங்கப்போகிறது, இங்கே விளைந்த மிளகாயை இனிமேல் எந்த ஊர் வியாபாரியும் தொடமாட்டான், புள்ளைத்தாச்சிகள் கண்மாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று.

அதற்கும் மறுநாள் தரகர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். ஒரு கட்சியில் ஏதோ பொறுப்பு, வெள்ளை வேட்டி, சாவு வீடு கல்யாண வீடு எதையும் விடமாட்டார். நிலம் வாங்கி விற்பதுதான் தொழில். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, கேள்விப்பட்டதைச் சொல்றேன். நோட்டீஸ் வந்துட்டா மண்ணு மண்ணாப் போயிரும். அதுக்கு முந்தி குடுத்துட்டா நல்லது. வாங்க ஆளு வேணும்னா நான் பாத்துத் தாரேன்" என்றிருக்கிறார்.

"ஊரே ஆடிப் போயிருக்கு. நான்தான் சொன்னேன், என் தங்கச்சிக்குத் தெரியாத அணுவா, அவ வந்து சொல்லட்டும், அது வரைக்கும் ஒருத்தனும் கையெழுத்துப் போடாதீகன்னு. வெள்ளிக்கெழம கோயில்ல கூடுறாக. வந்திரு."

நான் போனில் என்ன கேட்டேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிட வேண்டும். பெட்டியில் முள் இருந்ததா, எண் ஓடியதா என்று கேட்டேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை டிக் வந்தது, குழாயை மண்ணிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் வந்ததா என்று கேட்டேன். வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை. ஜீப்பில் ஏதாவது துறையின் பெயர் எழுதியிருந்ததா என்று கேட்கவில்லை. அந்த வாட்ஸ்அப் குரல் யாருடையது, நிலத்தை வாங்கத் தயாராக இருக்கும் ஆள் யார், எதற்காக வாங்குகிறான் என்று எதையும் கேட்கவில்லை. மைசூர்பாகு டப்பா என் முழங்கைக்கு அருகில்தான் இருந்தது. நான் அந்த நேரம் இயற்பியல் டீச்சராக மட்டும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். எங்கள் ஊரில் கூட்டம் என்றால் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலில்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. களவு, வரப்புத் தகராறு, யார் வீட்டு மாடு யார் கொல்லையில் மேய்ந்தது, எதுவானாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் அய்யனார் முன்னால் சூடம் ஏற்றுவார்கள். சொல்கிறவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் போலீஸும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. பொய்யாக அடித்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பார்கள். எங்கள் அய்யா ஒரு வரப்புத் தகராறில் அடித்திருக்கிறார். மறுநாள் எதிராளியே எங்கள் புஞ்சையில் மிளகாய்ப் பழம் எடுக்க உதவிக்கு ஆள் கூட்டி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் எனக்காக வீட்டிலிருந்து நாற்காலி தூக்கி வந்து போட்டிருந்தார். வேட்டியும் துவைத்து வெள்ளையாகக் கட்டியிருந்தார். என்னைக் காட்டி, "நம்ம புள்ளதான், சயின்ஸ் டீச்சர்" என்று தெரிந்தவர்களிடமே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணுமாக நாற்பது ஐம்பது பேர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். தரகர் ஓரமாக, வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் பாடம் நடத்தினேன். பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். கதிரியக்கம் இல்லாத மண்ணே உலகத்தில் கிடையாது, கோயில் கருங்கல்லில் இருக்கிறது, தின்னும் வாழைப்பழத்தில் இருக்கிறது, நம் எலும்பிலேயே கொஞ்சம் இருக்கிறது, அதற்குப் பின்னணிக் கதிரியக்கம் என்று பெயர் என்று விளக்கினேன். அந்தப் பெட்டியை எந்த ஊரில் வைத்தாலும் டிக் டிக் என்றுதான் சத்தம் வரும் என்றும் சொன்னேன். யுரேனியத்தைத் தோண்டி எடுத்தாலும் அப்படியே குண்டு ஆகாது, செறிவூட்ட வேண்டும் என்றேன். நல்ல பாடம். பள்ளி ஆய்வாளர் வந்து உட்கார்ந்திருந்தால் கையைக் குலுக்கியிருப்பார். எதிரில் இருந்தவர்கள் முகத்தில் மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. எலும்பில் இருக்கிறது என்று சொன்னபோது ஒரு பெண் மடியில் இருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

முடித்ததும் தரகர் முன்னால் வந்தார். பணிவாக ஒரு கும்பிடு போட்டார்.

"டீச்சரம்மா நல்லாச் சொன்னீக. படிக்காத சனம், பாடம் எங்களுக்கு வெளங்காது. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. இந்த மண்ணுல அந்தக் கதிரு ஒரு பொட்டுக்கூட இல்லைன்னு சூடத்தை அடிச்சுச் சொல்லிருங்க. நாங்க எந்திரிச்சுப் பொழப்பப் பாக்கப் போறோம்."

பூசாரி தயாராக இருந்தார். கல்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

ஒரு பொட்டுக்கூட இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குச் சூடத்தை அடித்தால் அது பொய்ச் சத்தியம். எனக்கு அய்யனாரைவிட என் பாடத்தின் மேல் பக்தி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அண்ணன் எழுந்து என் பக்கத்தில் வந்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"ஏத்தா, அவரு கேக்குறது கெடக்கட்டும். நான் கேக்குறேன். மிளகாய் போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லி அடி. போதும்."

அதைவிடத் தெளிவான கேள்வியை முப்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அந்த மண்ணில் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மிளகாய் விளைகிறது. அதைத் தின்று வளர்ந்தவள் நான். போடலாம் என்று ஒரு வார்த்தை, ஒரு அடி. நெஞ்சுக்குள் அதுதான் நிஜம் என்று தெரிந்தும், வாய் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் வேறு பதிலைச் சொன்னது.

"அளந்து பாக்காம நான் எதையும் சொல்லக் கூடாதுண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சூடத்தைப் பார்த்தார். அது யார் கையும் படாமல் கடைசி வரை எரிந்து, கல்லில் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டு அணைந்தது. எங்கள் ஊரில் ஏற்றிய சூடம் அப்படித் தானாக அணைந்து நான் பார்த்ததில்லை. அங்கே இருந்த யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"டீச்சரம்மாவைத் தொந்தரவு பண்ணாதீக," என்றார் தரகர். "படிச்சவுக பொய் சொல்ல மாட்டாக."

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு வருத்தம்கூட இல்லை. பெருமையாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு. அத்தனை பேர் எதிரில், சொந்த அண்ணனே கேட்டும், உண்மைக்கு மேல் ஒரு சொல் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பின்னணிக் கதிரியக்கம் என்ற சீட்டை எடுத்து, அதன் விளக்கத்தை இன்னும் ஒரு வரி செம்மையாக்கினேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு பழமொழி உண்டு. ஊரைக் கெடுத்தவளுக்கு அதில் இடமில்லை.

முதலில் விற்றவர் கண்மாய்க்குப் பக்கத்தில் புஞ்சை வைத்திருந்த ஒரு பெரியவர். அவர் விற்றதும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு பேர் விற்றார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனாவது ஆளோ தெரியாது, ஒரு அளவு சேர்ந்துவிட்டது. அதன்பின் தரகர் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. சனங்களே அவரைத் தேடிப் போய்ப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். நான் நடத்திய பாடம்தான். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது நான்.

அண்ணன் கடைசி ஆள். நாலு பக்கமும் விற்றுப்போய், வண்டிப் பாதையில் முள்வேலி விழுந்த பிறகு, புஞ்சைக்குள் போக அவருக்கு வழியே இல்லை. கோயிலை ஒட்டி, கரைக்குக் கீழே ஒரு மூலையை மட்டும் தனக்கென்று நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குப் போன் செய்தார். நான் அழ ஆரம்பித்ததும், "நீ என்னத்தா பண்ணுவ. நீ பொய் சொல்லல" என்றார். குத்திக் காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

நோட்டீஸ் வரவில்லை. அணுவைத் தோண்ட ஒருவரும் வரவில்லை. மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. மஞ்சள் கோடு போட்ட எல்லைக் கற்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வரிசையாகக் குளங்கள் வெட்டின. கழிமுகத்திலிருந்து குழாய் போட்டுக் கடல் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தார்கள். இறால் பண்ணை. வாங்கியவர் வெளியூர்க்காரர். அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமோ தெரியாதோ, அதை நான் சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் அண்ணன் போனில், "ஏத்தா, பொட்டியத் தூக்கிட்டு வந்தான்ல ரெண்டு பேரு, அதுல ஒருத்தன் அங்கன தண்ணியக் கலக்குற மிசினுக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு நிக்கிறான்" என்றார்.

போனை வைத்துவிட்டு மைசூர்பாகு டப்பாவைத் திறந்தேன். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். எல்லாம் என் கையெழுத்து. ஊர் நம்பும் ஒருவரைக் கொண்டு அதை உண்மையாக்குவார். அந்த ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷமும் எங்கள் ஊர் நிலமும் செலவாகியிருக்கின்றன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தரகர் மேல் பாதி, மீதிப் பாதி என் மேல்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். எங்கள் ஊரில் கனிமத்துக்காகவோ கதிரியக்கத்துக்காகவோ யாராவது ஆய்வு செய்தார்களா என்று நாலு அலுவலகங்களுக்கு எழுதினேன். அந்த வேலையை அன்றைய வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு போனிலேயே செய்திருக்கலாம். கலெக்டர் ஆபீஸில் என்னிடம் படித்த பிள்ளைகளே இருக்கிறார்கள். நாலிடத்திலிருந்தும் பதில் வந்தது. அவ்வாறான கள ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை. அண்ணன் அந்த நகலை எடுத்துக்கொண்டு தரகர் வீட்டுக்கே போய்க் காட்டியிருக்கிறார். "நான் அன்னைக்கே சொன்னேனே, எனக்கு ஒண்ணும் தெரியாது, கேள்விப்பட்டதைச் சொல்றேன்னு. ஒங்க தங்கச்சிதான சூடம் அடிக்க மாட்டேன்னுச்சு," என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மறுக்க வழிவைத்தல். மூன்று நாள் மண்டையை உடைத்துத் தேடிய சொல்லை அந்த மனிதர் ஒரு டம்ளர் மோரில் கரைத்துக் கொடுத்துவிட்டார்.

சொல்லடைவை அனுப்பிவிட்டேன். சூழ்ச்சிப் பகுதி மிகத் தெளிவாக வந்திருப்பதாகப் பதிப்பாளர் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதைப் படித்த அன்றே ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நிலம் திரும்பாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் என்னை நம்பி ஊரைக் கூட்டி, என் வாயால் கேட்க நின்ற ஒரே ஒரு வார்த்தை அந்தக் கல்லின் மேல் பாக்கி இருந்தது. அதையாவது அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

தை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. காலை பஸ்ஸில் இறங்கிக் கடையில் சூடம் வாங்கிக்கொண்டேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். இப்போதெல்லாம் கமுதிப் பக்கம் யாருடைய புஞ்சையிலாவது கூலிக்குப் பழம் எடுக்க ஆள் கூப்பிட்டால் மதினியும் அவரும் போகிறார்கள். நான் கோயிலுக்குப் போகலாம் என்றதும் எதற்கு என்று கேட்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

கரையில் ஏறினால் மேற்கே குளங்கள் தெரிந்தன. கறுப்பு விரிப்புப் போட்ட கரைகள், நடுவில் தண்ணீரை அடித்துக்கொண்டு சுற்றும் சக்கரங்கள். கோயிலில் யாரும் இல்லை. அந்தக் கல்லில் கறுப்பு வட்டம் மங்கலாக இன்னும் இருந்தது. பூசாரியைத் தேடவில்லை. நானே சூடத்தை வைத்துக் கொளுத்தினேன். காற்று பலமாக அடித்ததால் மூன்று தீக்குச்சி ஆயிற்று.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கேட்டீங்கள்ல. இன்னைக்குச் சொல்றேன்," என்றேன். அய்யனாரைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டேன். "இந்த மண்ணுல மிளகாய் போடலாம். ஒரு கெடுதலும் இல்ல." சொல்லிக்கொண்டே கையை ஓங்கினேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வயதிலும் பிடி இரும்பு.

"அடிக்காதத்தா."

"ஏன்ணே?"

அவர் கரைக்குக் கீழே பார்த்தார். கோயிலை ஒட்டி அவர் தனக்கென்று நிறுத்திக்கொண்ட மூலை அங்கேதான் இருந்தது. பாத்தி பிரித்திருந்தது தெரிந்தது. பாத்திகளில் செடி இல்லை. வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"புரட்டாசியில அந்த மூலையில வெதச்சேன். மொளச்சு ரெண்டு எல விட்டுச்சு, அப்பறம் அம்புட்டும் கருகிப்போச்சு. மறுக்கா வெதச்சேன், அதுவும் போச்சு. கொளத்துத் தண்ணி ஊறி உப்பு ஏறிருச்சுத்தா. அன்னைக்கு அடிச்சிருந்தா மெய். இன்னைக்கு அடிச்சா பொய்ச் சத்தியமாப் போயிரும். ஒனக்கு அது வேணாம்."

சூடம் எரிந்து முடியும் வரை அவர் என் கையை விடவில்லை.